ரூ.8,000 கோடிக்கு விலைபேசப்பட்ட மூன்றெழுத்து

2019 நவம்பர் 13-ம் தேதி அமெரிக்காவில் ஒரு செய்திக்குறிப்பு வெளியானது. ‘இன்டர்நெட் சொசைட்டி’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு, தன் பொறுப்பில் இருந்த ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி’யை ‘எத்தோஸ் கேபிடல்’ என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போகிறது என்பதுதான் செய்தி. விலை 113.5 கோடி டாலர் என்பது பிறகு தெரியவந்தது. அன்றைய மதிப்பில் ரூ.8,000 கோடிக்கு மேல்.

கைமாறவிருந்தது கட்டடமோ தொழிற்சாலையோ அல்ல. இணைய முகவரிகளின் கடைசியில் வருகிற ‘டாட் ஆர்க்’ என்ற ஆங்கில மூன்றெழுத்துதான். அதன் கீழ் அப்போதே 1 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. செஞ்சிலுவைச் சங்கம், விக்கிப்பீடியா, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அம்னெஸ்டி ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. ஊர்ப்பெயர் தெரியாத ஆயிரமாயிரம் அறக்கட்டளைகளும் சங்கங்களும் அங்கேதான்.

நம்முடைய சொத்தும் அங்கே கொஞ்சநஞ்சமல்ல. 1998 பொங்கலன்று தொடங்கி, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரையிலான நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டம் டாட் ஆர்க்கில் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அங்கேதான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புத்தகங்கள் 1981-ல் எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு சமூகம், தன் இதழ்களையும் பிரசுரங்களையும் துண்டறிக்கைகளையும் 2005 முதல் ஸ்கேன் செய்து சேர்த்துவரும் ‘நூலகம்’ மின்நூலகமும் அங்கேதான். தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம்கூடப் பல ஆண்டுகளாக டாட் ஆர்க் முகவரியில்தான் இயங்கிவந்திருக்கிறது. தமிழ் மின்னுலகின் கருவூலம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், பெரும்பகுதியை இந்த ஒரே வாசலைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

அந்த வாசலுக்குத்தான் விலை பேசப்பட்டது. விற்பனை நடக்கவில்லை. ஆனால், நடக்காமல் போனது தானாக நிகழ்ந்ததல்ல. ஐந்தரை மாதம் பல நாடுகளில் பலர் விடாமல் கேள்வி கேட்டதால் நின்றது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான், இணையத்தை யார் நடத்துகிறார்கள் என்பது புரியும்.

நடுவில் இருக்கிற வாசல்

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை உங்கள் செல்போனில் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அந்த எண்ணைத் தேடும் வேலை உடனே தொடங்குகிறது. செல்போன் முதலில் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் கணினியைக் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வர்களுக்கு ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். அவற்றை நடத்துபவை 12 அமைப்புகள். அவற்றின் பிரதிகள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் பரவிக்கிடக்கின்றன. ‘எஃப்’ சர்வரின் பிரதி ஒன்று சென்னையிலும் நிறுவப்பட்டது.

ரூட் சர்வருக்கு விக்கிப்பீடியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. டாட் ஆர்க்குக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் தெரியும். ‘அவரிடம் கேள்’ என்று கைகாட்டிவிடும். டாட் ஆர்க்கின் சர்வர் தன் பதிவேட்டைப் பார்த்து, விக்கிப்பீடியாவின் சர்வரைக் கைகாட்டும். அங்கே எண் கிடைக்கும், பக்கம் திறக்கும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதில் நடுவில் நிற்கிற படியைக் கவனியுங்கள். டாட் ஆர்க் பதிவேட்டை வைத்திருப்பவர் ஒரு பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டால், அந்தத் தளத்தின் ஒரு பக்கம்கூட அழியாது. ஆனால், யாராலும் அங்கே போய்ச்சேர முடியாது. பதிவேட்டை வைத்திருப்பவர் கட்டணத்தை ஏற்றினால், அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ‘பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போ’ என்று சொல்ல முடியாது. 25 ஆண்டாகப் புத்தகங்களில் அச்சாகி, ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் ஏறி, லட்சம் இடங்களில் இணைப்பாக ஒட்டப்பட்ட முகவரியை எப்படி மாற்றுவது?

இன்னொன்று. டொமைன் பெயரை நாம் ‘வாங்கினோம்’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஓராண்டுக்கோ பத்தாண்டுக்கோ கட்டணம் கட்டிப் பெயரை வைத்துக்கொள்கிறோம். புதுப்பிக்கத் தவறினால் அது போய்விடும். அதனால்தான் பதிவேட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

இலவசமாக இருந்தது எப்படி விலைப்பொருளானது?

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், டாட் எஜு, டாட் கவ், டாட் மில் ஆகியவை 1985-ல் பிறந்தவை. வணிகத்துக்கு டாட் காம், பல்கலைக்கழகத்துக்கு டாட் எஜு என்று பிரித்தபின், எதிலும் சேராதவர்களுக்கென ஒதுக்கியது டாட் ஆர்க். அந்தக் காலத்தில் இந்தப் பதிவுகளின் மூலவர் என்று ஜான் போஸ்டல் என்பவரைச் சொல்ல வேண்டும். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த, நீண்ட தாடி வைத்த கணினி விஞ்ஞானி. எந்த எண் யாருக்கு, எந்த நாட்டின் பெயர் யார் பொறுப்பில் என்ற பட்டியல்கள் அவர் மேற்பார்வையில்தான் இருந்தன. எந்த அரசும் அவரைத் தேர்தல் வைத்து அமர்த்தவில்லை. எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

1994-ல் அவர் எழுதிய ஓர் ஆவணம் இன்றும் இந்தத் துறையில் வேதம்போல மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு டொமைன் யாருக்கு உடைமை, யாருக்கு உரிமை என்று கேட்பதே பொருந்தாது. அதைக் கவனித்துக்கொள்பவருக்கு அந்தச் சமூகத்தின்மீது என்ன பொறுப்பு, என்ன சேவைக் கடமை என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். இணைய நிர்வாகம் பற்றி இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால், பணம் அதற்கு முன்பே உள்ளே வரத் தொடங்கிவிட்டது. அமெரிக்க அரசின் அறிவியல் அமைப்பு 1993-ல் ‘நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்’ என்ற தனியார் நிறுவனத்திடம் பதிவு வேலையை ஒப்படைத்தது. 1995-ல் அந்த நிறுவனம் ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அதுவரை பெயர்ப்பதிவு இலவசம். 2000-ல் ‘வெரிசைன்’ நிறுவனம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்கியபோது பேசப்பட்ட மதிப்பு சுமார் 2,100 கோடி டாலர். ஐந்தே ஆண்டில் ஒரு பதிவேட்டின் விலை எங்கே போய் நின்றது பாருங்கள்.

போஸ்டல் 1998 அக்டோபர் 16 அன்று, 55 வயதில் இதய நோயால் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கலிபோர்னியாவில் ‘ஐகான்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதுவரை ஒரு மனிதரின் நேர்மையை நம்பி நடந்த வேலையை, இனி ஒரு நிறுவனம் விதிகளை வைத்து நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. டொமைன் பெயர்கள், எண்கள் தொடர்பான உலக அளவிலான ஒருங்கிணைப்பு இன்றுவரை ஐகானின் கையில்தான் இருக்கிறது.

வெரிசைனிடம் இருந்த டாட் ஆர்க்கை அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என 2002-ல் ஐகான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பல அமைப்புகள் போட்டியிட்டன. இன்டர்நெட் சொசைட்டி தேர்வானது. இணையத்தின் முன்னோடிகளான வின்ட் செர்ஃபும் பாப் கானும் முன்னின்று 1992-ல் தொடங்கிய அமைப்பு அது. அதன் கீழ் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி உருவாகி, 2003 ஜனவரி 1 முதல் டாட் ஆர்க்கை நடத்தத் தொடங்கியது. வருகிற உபரிப் பணம் இன்டர்நெட் சொசைட்டியின் பொதுநலப் பணிகளுக்கும், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியாளர் குழுவுக்கும் போகும். 17 ஆண்டு இது நன்றாகவே நடந்தது.

உச்சவரம்பு நீங்கியது, வியாபாரி வந்தார்

டாட் ஆர்க் கட்டணத்துக்கு அதுவரை ஒரு கடிவாளம் இருந்தது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஐகானுடன் போட்ட ஒப்பந்தம் சொன்னது. 2019-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த உச்சவரம்பை எடுத்துவிட ஐகான் உத்தேசித்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 3,000-க்கும் அதிகமானோர் எழுதினார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். ஆனாலும் 2019 ஜூன் 30 அன்று, உச்சவரம்பு இல்லாத புதிய ஒப்பந்தம் பத்தாண்டுக்குக் கையெழுத்தானது.

நாலரை மாதத்தில் விற்பனை அறிவிப்பு வந்துவிட்டது. எத்தோஸ் கேபிடல் அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட நிறுவனம். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஃபாடி ஷெஹாடே. 2012 முதல் 2016 வரை ஐகானின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். சட்டப்படி அதில் தவறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் விலை வரம்பு நீங்கி, சில மாதங்களில் புத்தம் புதிய முதலீட்டு நிறுவனம் வந்து நிற்க, அதன் பக்கத்தில் ஐகானின் முன்னாள் தலைவர் இருப்பதைக் கண்ட உலகம் கேள்வி கேட்காமல் என்ன செய்யும்?

இன்டர்நெட் சொசைட்டி தன் தரப்பு நியாயத்தைச் சொன்னது. டொமைன் விற்பனையை மட்டும் நம்பி அமைப்பை நடத்துவது ஆபத்து. மொத்தமாக வரும் தொகையை வைப்புநிதியாகப் போட்டால் நிரந்தர வருமானம் கிடைக்கும். இணையம் எட்டாத மக்களுக்கு அதைக் கொண்டுபோகலாம் என்றார்கள். இந்தத் தேவை பொய்யல்ல. ஆனால், தங்களை நம்பிக் கொடுத்த ஒன்றை விற்றுத் தங்கள் எதிர்காலத்தைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லை என்பதே என் முடிவு. 2002-ல் அவர்களுக்குக் கிடைத்தது பொறுப்பு. அதை விலைபேசியதும் போஸ்டல் எழுதிவைத்த அடிப்படையே ஆட்டம் கண்டது.

வாங்கும் பணத்தில் 36 கோடி டாலர் கடன். அந்தக் கடனை யார் அடைப்பார்கள்? பதிவேட்டின் வருமானத்திலிருந்துதான் அடைய வேண்டும். அந்த வருமானம் எங்கிருந்து வரும்? டாட் ஆர்க் வைத்திருக்கும் அறக்கட்டளைகளிடமிருந்து. எதிர்ப்பு வலுத்தபின், எட்டு ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று எத்தோஸ் உறுதி சொன்னது. கணக்குப் போட்டால், எட்டு ஆண்டு 10 சதவீதம் கூட்டு வட்டியாக ஏறும்போது கட்டணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

கட்டணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட அச்சம் வேறு. டாட் ஆர்க்கில் இருப்பவர்களில் மனித உரிமை அமைப்புகளும், அரசுகளைக் கேள்வி கேட்கும் குழுக்களும் அதிகம். ‘இந்தத் தளத்தை நிறுத்து’ என்று ஏதோ ஓர் அரசு நெருக்கும்போது, லாப நோக்கற்ற நிறுவனம் தயங்கி நின்று யோசிக்கும். முதலீட்டாளருக்கு லாபம் காட்ட வேண்டிய நிறுவனம் எவ்வளவு நேரம் யோசிக்கும்? ஐ.நா.வின் கருத்துச் சுதந்திரச் சிறப்பு அறிக்கையாளர் டேவிட் கேயும், கூட்டம் கூடும் உரிமைக்கான அறிக்கையாளர் கிளெமென்ட் வூலும் ஐகானுக்குக் கடிதம் எழுதியது இந்தக் கவலையால்தான்.

போராட்டம் பல முனைகளில் நடந்தது. டிஜிட்டல் உரிமைகளுக்கான எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் முன்னின்று இயக்கம் நடத்தியது. நூற்றுக்கணக்கான அமைப்புகளும் பல்லாயிரம் தனிமனிதர்களும் கையெழுத்திட்டார்கள். ஐகானின் முதல் தலைவராக இருந்த எஸ்தர் டைசன், விக்கிமீடியாவின் அன்றைய தலைவர் கேத்தரின் மஹர் உள்ளிட்டோர் சேர்ந்து, டாட் ஆர்க் பயனர்களே நடத்தும் ஒரு கூட்டுறவு அமைப்பைப் பதிவுசெய்து, ‘எங்களிடம் கொடுங்கள்’ என்றார்கள். 2020 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஐகான் தலைமையகத்துக்கு வெளியே பதாகைகளோடு கூட்டம் கூடியது. டொமைன் பெயருக்காகத் தெருவில் இறங்கி முழக்கமிட்ட காட்சி அதற்கு முன் அரிது.

திருப்பம் ஏப்ரலில் வந்தது. ஐகான் கலிபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம் என்பதால், அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலுக்கு அதைக் கண்காணிக்கும் அதிகாரம் உண்டு. அப்போது அந்தப் பதவியில் இருந்த சேவியர் பெசேரா 2020 ஏப்ரல் 15 அன்று ஐகானுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கைமாற்றத்துக்கு அனுமதி தராதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏப்ரல் 30 அன்று ஐகான் வாரியம் அனுமதி மறுத்தது. பொதுநல நிறுவனம் முதலீட்டாளருக்குக் கட்டுப்பட்ட நிறுவனமாக மாறுவதும், 36 கோடி டாலர் கடனும், டாட் ஆர்க் சமூகத்தைப் பாதுகாக்க உருப்படியான திட்டம் இல்லாததும் வாரியம் சுட்டிய காரணங்கள்.

ஒரு பின்குறிப்பையும் சொல்ல வேண்டும். பதிவேட்டுக்குப் பொறுப்பு பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்றாலும், சர்வர்களை ஓட்டும் தொழில்நுட்ப வேலையை ‘அஃபிலியாஸ்’ என்ற நிறுவனம் ஒப்பந்தத்தில் செய்துவந்தது. 2020 கடைசியில் அஃபிலியாஸை ‘டோனட்ஸ்’ என்ற நிறுவனம் வாங்கியது. 2021-ல் டோனட்ஸின் பெரும்பங்கை வாங்கியது எத்தோஸ் கேபிடல். முன்வாசலில் மறுக்கப்பட்டவர், கொஞ்ச நாளில் இயந்திர அறைக்கு முதலாளியானார். விலையும் கொள்கையும் அவர் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால், ஒருமுறை ஜெயித்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பூட்டு திறக்கவில்லை

டாட் ஆர்க் சண்டை உச்சத்தில் இருந்த 2020 பிப்ரவரியில், ஐகான் தலைமையகத்திலிருந்து அதிகத் தூரமில்லாத எல் செகுண்டோவில் இன்னொரு காட்சி நடந்தது. ஆண்டுக்கு நான்கு முறை, எல் செகுண்டோவிலோ வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரிலோ ஒரு பூட்டிய அறையில் சிலர் கூடுவார்கள். ரூட் சர்வர்கள் தரும் பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஒரு தலைமைச் சாவி உண்டு. அதைப் பயன்படுத்தும் சடங்கு அது. 2010 ஜூனில் தொடங்கியது.

அறைக்குள் கம்பிக் கூண்டு. அதற்குள் இரண்டு இரும்புப் பெட்டகங்கள். ஒன்றில் சாவியைத் தாங்கிய கருவி, இன்னொன்றில் அதை இயக்கும் ஸ்மார்ட் கார்டுகள். கார்டுகளுக்குப் பொறுப்பாளர்கள் ஐகான் ஊழியர்கள் அல்ல; பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள். ஒரு மையத்துக்கு ஏழு பேர், குறைந்தது மூன்று பேர் வந்தால்தான் கருவி இயங்கும். பிரித்தால் அடையாளம் தெரியும்படி செய்த உறைகளில் கார்டுகள் இருக்கும். உறையின் எண்ணை உரக்கப் படித்து, சென்றமுறை எழுதிய எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கத்தரிக்கோல் படும். பயன்படுத்தும் மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஒவ்வொரு படியும் முன்கூட்டியே அச்சிட்ட தாளில் இருக்கும். படி முடிந்ததும் நேரம் எழுதி, ஒருவர் சுருக்கொப்பமிடுவார். எல்லாம் நேரலையில் ஒளிபரப்பாகும். நீங்களும் நானும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

2020 பிப்ரவரியில் கார்டுக்காரர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். சடங்குக்கு முதல் நாள் பார்த்தால், ஒரு பெட்டகத்தின் பூட்டு திறக்கவில்லை. கடைசியில் பூட்டுத் தொழிலாளி ஒருவர் வந்து, துளைபோட்டுத் திறந்தார். சடங்கு சில நாள் தள்ளிப்போனது. உலக இணையத்தின் தலைமைச் சாவி, பழுதான பூட்டுக்குப் பின்னால் காத்துக்கிடந்தது. ஐகான் அதை மறைக்கவில்லை. உடனே அறிவித்தது, காரணம் சொன்னது.

இந்தச் சடங்கை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் இவ்வளவு கவனம் வைத்த அதே நிறுவனம், விலை வரம்பை நீக்கும்போது 3,000 பேரின் எழுத்தைத் தாண்டிப்போனது. ஒரு கார்டு உறையின் எண்ணை உலகத்துக்கே படித்துக்காட்டும் அமைப்பு, ஒப்பந்தப் பேச்சுகளையும் அதே வெளிச்சத்தில் நடத்த வேண்டும் என்று கேட்பது அதிகப்படியல்ல.

அரசுகள் விலகிய இடத்தில்

ஐகானின் பின்னால் நெடுங்காலம் அமெரிக்க அரசு நின்றது. ரூட் பதிவேட்டில் ஒரு திருத்தம் என்றாலும் அந்நாட்டு வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2013-ல் எட்வர்டு ஸ்னோடென் அமெரிக்க உளவுத் துறையின் கண்காணிப்பை அம்பலப்படுத்தியபின், ‘உலகத்தின் பதிவேட்டை ஒரு நாடு மேற்பார்ப்பதா?’ என்ற குரல் ஓங்கியது. 2014 மார்ச்சில் அமெரிக்கா விலக ஒப்புக்கொண்டது. செனட்டர் டெட் குரூஸ் எதிர்த்தார், நான்கு மாநிலங்கள் வழக்கு போட்டுப் பார்த்தன. ஒன்றும் பலிக்கவில்லை. 2016 அக்டோபர் 1 முதல் அந்த ஒப்பந்தம் இல்லை.

அதன் பலனை 2022-ல் பார்த்தோம். ரஷ்யா படையெடுத்த சில நாட்களில், டாட் ஆர்யு முகவரிகளை முடக்குங்கள் என்று உக்ரைன் அரசு ஐகானிடம் கேட்டது. உக்ரைனின் வேதனை யாருக்கும் புரியும். ஆனாலும் ஐகான் மறுத்தது. ஒரு நாட்டை இணையத்திலிருந்து துண்டிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, இருக்கவும் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அது சரியான முடிவு. இன்று ஒரு நாட்டுக்குச் செய்ததை நாளை இன்னொரு நாட்டுக்குச் செய்ய யாரும் கேட்பார்கள். துண்டிக்கப்படும் இடத்தில் அரசை எதிர்க்கும் மக்களும் இருப்பார்கள்.

அரசு விலகிவிட்டால், கண்காணிப்பது யார்? பயன்படுத்துபவர்கள்தான். வேறு யாரும் இல்லை. நம் நிலைமை சோர்வு தருவது இந்த இடத்தில்தான்.

தமிழுக்கு வாசல் இருக்கிறது, வழி இல்லை

தமிழ் எழுத்திலேயே முடியும் இணைய முகவரிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையின் ‘.இலங்கை’க்கு 2010-ல் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘.இந்தியா’வும் ‘.சிங்கப்பூர்’உம் வந்தன. ரூட் பதிவேட்டில் மூன்று நாடுகளின் பெயர் தமிழில் இருக்கிறது. இது சாதாரண விஷயமல்ல.

பயன்பாட்டில்? ஏதாவது ஓர் இணைய விண்ணப்பத்தில் தமிழ் மின்னஞ்சல் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ‘சரியான முகவரியைத் தருக’ என்று சிவப்பில் பதில் வரும். காரணங்களில் ஒன்று நுணுக்கமானது. ‘எழுத்தும் எண்ணும் மட்டுமே அனுமதி’ என்று நிரலில் ஒரு வரி இருக்கும். யூனிகோடு வகைப்பாட்டில் ‘க’ எழுத்து. ஆனால், அதன் மேல் வைக்கும் புள்ளியும், ‘கா’வில் வரும் காலும், ‘கி’யின் கொக்கியும் எழுத்து அல்ல, ‘குறி’. குறி எதுவும் ஏறாத எழுத்துகளை மட்டும் கொண்ட பெயர் தப்பிவிடும். ஒரு புள்ளி வந்தால் போதும், நிரல் மறுத்துவிடும். புள்ளி இல்லாமல் ‘தமிழ்’ என்றுகூட எழுத முடியாதே! தமிழ் மின்னஞ்சலுக்கான தொழில்நுட்ப விதிகள் 2012-லேயே தயாராகிவிட்டன. விதி இருக்கிறது, நிரல் எழுதுகிறவர் மாறவில்லை. இதைத் திருத்தச் சில வரிகள் போதும். அரசின் இணையதளங்களில் இருந்து தொடங்கலாம். சேவைத் தளங்களில் தமிழ் முகவரியை ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை போட்டால், நிறுவனங்கள் வழிக்கு வரும்.

ரூட் பதிவேட்டில் எந்தத் தமிழ் எழுத்துக் கோவைகளை அனுமதிப்பது என்ற விதிகளை, நம் நாட்டின் ஒன்பது எழுத்துமுறைகளுக்கான ‘நியோ-பிராமி’ தன்னார்வலர் குழு வகுத்துத் தந்திருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து, எந்த எழுத்து வேறு மொழியின் எழுத்தைப்போல் தோன்றி ஏமாற்றக்கூடும் என்று அலசினார்கள். அவர்கள் உழைப்புக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அப்படி உட்காருகிற தமிழர்கள் இன்னும் பலர் வேண்டும்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் சங்கம், அறக்கட்டளை, நூலகப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். எப்போதோ தளம் செய்து கொடுத்த இளைஞரின் சொந்தக் கணக்கில் அது கிடந்தால், அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். அவர் ஊர் மாறினாலும் மின்னஞ்சல் மாறினாலும், புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் உங்களை எட்டாது. இப்படித்தான் பல நல்ல தமிழ்த் தளங்கள் சத்தமில்லாமல் காணாமல்போகின்றன. முடிந்தால் பத்தாண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள். கட்டணம் ஏறினாலும் அதுவரை உங்களைப் பாதிக்காது.

அடுத்தது, ஐகான் கருத்துக் கேட்கும்போது எழுதுங்கள். எந்த முடிவுக்கும் வழக்கமாக 40 நாள் அவகாசம் தருகிறார்கள். உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ‘நாங்கள் யார், எத்தனை ஆண்டாக இந்த முகவரியில் இருக்கிறோம், கட்டணம் ஏறினால் எங்களுக்கு என்ன ஆகும்’ என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். 2019-ல் எழுதிய 3,000 பேரின் குரல் அந்த ஜூனில் எடுபடவில்லைதான். ஆனால், அடுத்த ஏப்ரலில் விற்பனையை நிறுத்திய எதிர்ப்புக்கு அதுதான் தொடக்கம்.

உச்சவரம்பு இல்லாத அந்த டாட் ஆர்க் ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அது 2029 ஜூன் 30 அன்று முடிகிறது. புதுப்பிக்கும் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிடும். இந்தமுறை மதுரைத் திட்டத்தை வாசிப்பவர்களின், நூலகத்தில் தேடுபவர்களின், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களின் கடிதங்களும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.